கண்ணின் உடனீரும் குளிரின் வரலாறும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாற்று மாணவர் தமது சான்றுகளை மதிப்பிடும்போது அவை எப்பொருளிற் பொறிக்கப்பட்டன என்பதை முதலில் நோக்குவர். கல்வெட்டு நிலைத்து நிற்கும். செப்பேடு உருக்கப்படாதவரை நிலைக்கும். ஏட்டுச்சுவடியோ கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். எனவே எஞ்சியுள்ள சான்றுகளைக் கொண்டு மட்டும் ஒரு காலத்தை எடைபோடுதல், எஞ்சக்கூடியதாக எது இருந்ததோ அதற்கே முதன்மை கொடுப்பதாய் முடியும். இஃது வரலாற்றியலின் பாலபாடம். மருத்துவ வரலாற்றிலும் இப்பாடம் பொருந்துமாயினும் அங்கு அது போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பதே எமது கருத்து. மனித உடலிலிருந்து எடுக்கப்படும் ஒரு துளி நீரும் ஓர் ஆவணமே. ஆயின் அது தன் எழுத்தைத் தானே அழித்துக்கொள்ளும் ஆவணம். அவ்வழிவை நிறுத்திவைக்க வல்லது குளிர் ஒன்றே. குளிர் இருந்த இடத்து மக்களின் உடல் பதிவாயிற்று; இல்லாத இடத்து மக்களின் உடல் பதிவாகாது போயிற்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளரை மனத்திற்கொண்டு, கண்ணினுள் உள்ள விற்றமின் சி என்னும் சிறியதொரு பொருளின்வழி இக்கருத்தை விளக்க முயல்வோம்.

கண்ணினுள் இருவகை நீர்மங்கள் உள்ளன. விழிவெண்படலத்துக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட பகுதியை நிரப்புவது நீர்மயவுடனீர்; அது ஏறத்தாழ கால் மில்லிலீற்றர் அளவினது. வில்லைக்குப் பின்னே விழித்திரை வரை நிறைந்திருப்பது கண்ணாடியுடனீர். இது கூழ்போன்றது, ஏறத்தாழ 4 மில்லிலீற்றர் கொண்டது. (இக்கலைச்சொற்கள் நாவில் எளிதில் வாரா என மாணவர் குறைகூறுவதுண்டு. எனினும் ஒருமுறை பழகியபின் இவை தரும் தெளிவை வேறு சொற்கள் தருவதில்லை.) இவ்விரண்டிலும் விற்றமின் சி, அதாவது அஸ்கோபிக் அமிலம், வியக்கத்தக்க செறிவிற் காணப்படுகின்றது. நன்கு உண்ணும் ஒருவரின் குருதித் திரவவிழையத்தில் அது லீற்றருக்கு 50 மைக்குரோமூல் அளவில் இருக்குமாயின், நீர்மயவுடனீரில் அதனினும் இருபது மடங்கு அளவில் இருக்கும். குருதியிலிருந்து அதனை இழுத்தெடுத்துக் கண்ணுக்குள் சேர்ப்பதற்கென்றே உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. பகலில் நடமாடும் விலங்குகளின் நீர்மயவுடனீரில் இச்செறிவு உயர்ந்தும், எலி போன்று இரவில் இரைதேடுவனவற்றில் மிகத் தாழ்ந்தும் காணப்படுவது, ஞாயிற்றின் ஒளியோடு இப்பொருளுக்குள்ள தொடர்பைக் காட்டுகின்றது. நாள் முழுவதும் வெயிலில் மலைச்சரிவிலே நின்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கண்ணுக்கு இது எத்துணை வேண்டப்படும் பொருள் என்பதை விரித்துக் கூற வேண்டியதில்லை. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. உண்ணும் உணவிலிருந்தே பெறவேண்டும்.

இப்பொருள் கண்டறியப்பட்ட வரலாறு நன்கறியப்பட்டதே. அல்பேட் சென்ற்-யோர்யி 1928இல் கேம்பிரிட்சில் இருந்தபோது அதிரீனற் சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். 1932இல் இதுவே விற்றமின் சி என நிறுவப்பட்டது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முப்பதுகளிலேயே கண்ணின் வில்லையிலும் உடனீரிலும் இது மிகுந்திருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர் கண்டுகொண்டனர். நீலநிறச் சாயமொன்றைத் துளித்துளியாகச் சேர்த்து, அந்நிறம் மறைவதைக்கொண்டு அளவிடும் முறையே அன்று கையாளப்பட்டது. அம்முறை எளிது, மலிவானது. ஆயினும் மாதிரி புதியதாக இருத்தல் வேண்டும். அறுவை மேசையும் ஆய்வுகூடமும் ஒரே கட்டடத்தில் இருந்த நகரங்களில் இந்நிபந்தனை யாரையும் வருத்தவில்லை. ஆகவே அது ஒரு நிபந்தனை என்றே பலர் உணரவுமில்லை.

மாதிரி பழையதாயின் யாது நிகழும்? அஸ்கோபிக் அமிலம் ஒட்சிசனைச் சந்திக்கும்போது ஒட்சியேற்றப்பட்டு வேறொரு வடிவத்தை அடைகின்றது. அவ்வடிவத்திலிருந்து மீண்டும் பழைய நிலைக்கு வரலாம். ஆனால் அது நீண்ட நேரம் காத்திராது. நடுநிலையான நீர்மத்தில், உடல் வெப்பநிலையில், சில நிமிடங்களிலேயே அதிற் பெரும்பகுதி நீர்ப்பகுப்புற்று, மீட்க முடியாத பொருளாகிவிடுகின்றது. செம்பு, இரும்பு ஆகியவற்றின் மிகச் சிறு தடயங்கள்கூட இவ்வழிவை விரைவுபடுத்தும். இத்தகைய இரசாயனத் தாக்கங்களின் வேகம் வெப்பநிலை பத்துப் பாகை உயருந்தோறும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணிப்பு. அதன்படி நோக்கின், 4 பாகை செல்சியசில் வைத்த துளிக்கும் 30 பாகையில் வைத்த துளிக்கும் இடையே வேகத்தில் ஆறு மடங்கு வேறுபாடு தோன்றும். சாதாரண குளிர்சாதனப்பெட்டி அழிவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது. பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிற்கூட வாரங்கள் செல்லச்செல்ல இழப்பு நேரும். எடுத்த உடனேயே மெற்றாபொஸ்போரிக் அமிலம் போன்றதொன்றைச் சேர்த்து, பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகையிலோ அதனினும் தாழவோ வைத்தாலன்றி அது நெடுநாள் நிலைபெறாது.

இங்கு ஒரு வேடிக்கை உண்டு. 2009இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்து ஆய்வாளர் ஒரு செய்தியை வெளியிட்டனர். கண்ணாடியுடனீரில் உள்ள அஸ்கோபிக் அமிலம் ஒட்சிசனைத் தானே உட்கொண்டு அழிந்து, அவ்வொட்சிசன் வில்லையைச் சென்றடையாது காக்கின்றது என்பதும், அக்கூழ் அகற்றப்பட்ட கண்களில் இக்காப்புக் குன்றுகின்றது என்பதும் அச்செய்தியின் சாரம். அத்தகைய கண்களிற் கட்புரை விரைந்து தோன்றுவது மருத்துவர் முன்னரே அறிந்ததாகும். அஃதாவது கண்ணுக்குள் எந்த அழிவு அதன் கடமையாக உள்ளதோ, அதே அழிவுதான் கண்ணாடிக் குழாய்க்குள் அதன் சாட்சியத்தைக் குலைக்கின்றது.

இவை யாவும் தோட்ட மக்களுக்குத் தொலைவான செய்திகள் எனக் கருதுதல் தவறு. அவர்களின் அன்றாடத் தொழிலே இவ்விரசாயனத்தின்மேல் நிற்பது. பச்சைத் தேயிலையில் விற்றமின் சி உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளரான மிச்சியோ சுஜிமுராவும் மியூராவும் 1924இல் வெளிப்படுத்தினர். ஆனால் நாம் அருந்தும் கறுப்புத் தேநீரில் அது அறவே இல்லை எனலாம். கொழுந்தை வாட்டி, உருளையிலிட்டு அரைத்து, காற்றுப்படப் பரப்பிவைக்கும்போது நிகழ்வது ஒட்சியேற்றமே. பின்னர் 90 பாகைக்கு மேற்பட்ட வெங்காற்றில் அது உலர்த்தப்படுகின்றது. பச்சை இலையிலிருந்த விற்றமின் இவ்வழியிற் போய்விடுகின்றது. தேயிலைத் தொழிற்சாலையிலே, தோட்ட வழக்கிற் சொல்வதாயின் ஸ்டோரிலே, வெப்பமானி சுவரில் தொங்கும். பரப்பிய தூள் எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் கிடக்கவேண்டும் என்பதை டீமேக்கர் கண்ணுங்கருத்துமாகக் கவனிப்பார். இரு பாகை தவறினால் கொழும்பு ஏலத்தில் விலை தவறும்.

கேகாலைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களிலும் இதே நிலைதான். வெயில் ஏறினாற் பால் ஓட்டம் குன்றும் என்பதால் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வாளியிற் சேர்ந்த பால் வழியில் உறைந்துவிடாதிருக்க அமோனியா இடப்படும். ஸ்டோரை அடைந்தபின் உறையச்செய்ய அமிலம் இடப்படும். எடுத்த பொருள் கெடாதிருக்க உடனே மருந்திடவேண்டும், விரைந்து கொண்டுசேர்க்கவேண்டும் என்னும் இரு விதிகளையும் எந்த ஆய்வுகூட உதவியாளருக்கும் குறையாமல் அறிந்தவர்கள் பால்வெட்டும் தொழிலாளர். தேயிலைக்கும் இறப்பருக்கும் வெப்பநிலை அளக்கப்பட்டது. அவற்றை ஆக்கியோரின் உடலிலிருந்து ஒரு துளியை எடுத்துக் குளிரிற் பேணும் ஏற்பாடு மட்டும் தோட்டக் கணக்கேட்டில் எந்தத் தலைப்பின் கீழும் இடம்பெறவில்லை.

குளிரும் கண்ணும் வரலாற்றிற் சந்தித்தது முதலில் விற்றமினை அளப்பதற்காக அன்று, பார்வையை மீட்பதற்காகவே. உக்ரேனில் ஒடெசா நகரத்து மருத்துவர் விளாடிமிர் ஃபிலாட்டோவ் முப்பதுகளில், இறந்தோரின் கண்களை 2 முதல் 4 பாகை வரையான குளிரில் வைத்துப் பின்னர் விழிவெண்படலத்தை மற்றவருக்குப் பொருத்தலாம் எனக் காட்டினார். இலங்கையில் இதனை ஓர் இயக்கமாக்கியவர் டொக்டர் ஹட்சன் சில்வா. அவர் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1961இல் தோன்றியது. 1964இல், பனிக்கட்டியிட்ட வெப்பக்குடுவையில் இந்நாட்டுக் கண்கள் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குச் சென்றன. அதன்பின் பல நாடுகளுக்குப் பல்லாயிரக்கணக்கில் அனுப்பப்பட்டன. உலகிற்குக் கண் வழங்கும் நாடு என்று இலங்கை பெற்ற பெயர் இவ்வாறு குளிரினாற் பெறப்பட்டதே. 1974இல் விழிவெண்படலத்தை 4 பாகையில் நான்கு நாள் வரை பேணவல்ல ஊடகமொன்றை மக்கரேயும் கோஃப்மனும் உருவாக்கியபோது அப்பயணத்தின் எல்லை மேலும் விரிந்தது.

இதே காலப்பகுதியில், குளிரின்மையால் நேரும் அழிவையே ஒரு கடிகாரமாகக் கொள்ள முயன்றோரும் உளர். 1962இல் அமெரிக்காவின் கான்ற்னரும் உடனாய்வாளரும், இறந்தோரின் கண்ணாடியுடனீரில் உள்ள அஸ்கோபிக் அமிலத்தின் அளவைக்கொண்டு இறந்த நேரத்தை மதிப்பிடலாமா என ஆராய்ந்தனர். கண்ணாடியுடனீர் உறையிட்டதுபோல் அடைபட்டுள்ளமையாற் குருதியைப்போல் விரைந்து கெடாது. ஆகவே சட்டமருத்துவர் அதனை விரும்புவர். எனினும் இக்கடிகாரத்துக்கு இரு குறைகள் உண்டு. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பது அம்மனிதர் உண்ட உணவைப் பொறுத்தது. எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பது உடல் கிடந்த இடத்தின் வெப்பத்தைப் பொறுத்தது. இரண்டு வருடங்களின்பின் அவர்களுள் ஸ்ரேணரும் கான்ற்னரும் பொட்டாசியத்தின் பக்கம் திரும்பினர். இன்றும் சட்டமருத்துவத்தில் அதுவே பெரிதும் பேசப்படுகின்றது. வரலாற்று மாணவனுக்கோ அம்முதல் முயற்சி இன்னும் பயனுடையது. ஓர் அளவு குறைந்து காணப்பட்டால், குறைந்தது உணவா, அல்லது கடந்தது நேரமா என்னும் வினாவை அது நம்முன் வைக்கின்றது.

இவ்வினாவோடு சப்பிரகமுவவுக்கு வருவோம். 1889இல் தனி மாகாணமாக வகுக்கப்பட்ட இந்நிலப்பரப்பு, நுவரெலியாவைப் போன்று தொடர்ச்சியான மலைத்தோட்டங்களைக் கொண்டதன்று. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என ஆங்காங்கே சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடப்பவை இங்குள்ள தோட்டங்கள். தாழ்நிலமாதலால் வெப்பம் மிகுதி. இரத்தினபுரியின் மழையும் ஈரமும் எல்லோரும் அறிந்தவை. களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை இரயில் 1912இல் இரத்தினபுரியை எட்டியது. அதே வருடம் தொழிலாளர் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டமும் திருத்தியமைக்கப்பட்டது. அச்சட்டத்தின்வழித் தோட்டந்தோறும் மருந்துக்கடமை துரைமார்மீது சுமத்தப்பட்டது, டிஸ்பென்சரிகள் எழுந்தன. அவற்றில் கொயினா இருந்தது, பேதி எண்ணெய் இருந்தது, புண்ணுக்கு மருந்து இருந்தது. இவை யாவும் அலுமாரியிற் கெடாது நிற்கும் பொருள்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். ஸ்டோர்களில் இயந்திரங்கள் ஓடிய காலத்தில் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரம் லயக் காம்பிராக்களை எட்டியது பல பத்தாண்டுகளின் பின்னராகும். அக்காலத்தில் ஒரு துளி உடனீரைப் பலாங்கொடைத் தோட்டமொன்றிலிருந்து நூற்று நாற்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பின் ஆய்வுகூடத்துக்குக் கெடாமற் கொண்டுசெல்ல நினைப்பவர், டிஸ்பென்சரியிலிருந்து பெருந்தெருவுக்கும், அங்கிருந்து இரயிலுக்கும், இரயிலிலிருந்து நகரத்துக்குமாக முப்பது பாகை வெப்பத்தில் ஒரு பகற்பொழுதைக் கடத்தவேண்டியிருந்திருக்கும். கடைசியில் சாயத்தைத் துளியிடும்போது நிறம் மறைய அதில் எதுவும் எஞ்சியிராது.

ஆகவே கண்ணால் நேரே காணக்கூடியவையே அறியப்பட்டன. கொழும்புப் பற்றீரியாவியல் நிறுவகத்தின் பணிப்பாளராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ், தேரையின் தோல்போன்று சொரசொரப்பாகும் ஒருவகைத் தோல்நிலையை 1933இல் விவரித்துப் பெயரிட்டார். மறு ஆண்டில் இலங்கையில் விற்றமின் ஏ குறைபாடு பற்றி, அத்தோல்நிலையையும் வாய்ப்புண்ணையும் எண்ணிக் கணக்கெடுத்து எழுதினார். தோலைத் தடவிப் பார்க்கலாம், வாயைத் திறந்து பார்க்கலாம், மாலைக்கண் உண்டா என வினவலாம். இவற்றுக்குக் குளிர் வேண்டியதில்லை. அவர் செய்தது அரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் விற்றமின் ஏயின் குறை இவ்வாறு வெளிப்படையாய்ப் பேசுவதனாலேயே அதன் வரலாறு எழுதப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. விற்றமின் சி குறையும்போது ஈறு வீங்கிக் குருதி வடியும் நிலை வெகுதூரம் சென்றபின்னரே தோன்றும். அதற்கு முற்பட்ட நெடுங்காலக் குறை ஓசையற்றது. அவ்வோசையற்ற குறையை ஆய்வுகூடத்தாற் மட்டுமே கேட்க இயலும்.

1934–35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலை மாவட்டம் பெரிதும் வாடியது. அப்போது நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் நோயைவிடப் பட்டினியே முன்நிற்பதைக் கண்டனர். மார்மைட்டை மாத்திரைபோல் உருட்டிக் கொடுத்தனர். உயிர்ச்சத்துக் குறையை அவர்கள் அளக்கவில்லை, முகத்தைப் பார்த்தே உணர்ந்தனர். 1973–74இன் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்புவீதம் ஏறியதை இறப்புப் பதிவேடுகள் சொல்கின்றன. எடை, உயரம், பிறப்பு, இறப்பு, பங்கீட்டு அரிசியின் அளவு ஆகியனவே தோட்ட மக்களின் ஊட்ட வரலாற்றுக்கு நமக்குள்ள ஆதாரங்கள். இவையனைத்தும் வெப்பத்தாற் கெடாத ஆதாரங்கள். மடிந்தபின் எண்ணக்கூடியது இறப்பு. மடியுமுன் அளக்கவேண்டியது குருதியும் உடனீரும். நமது வரலாறு முன்னையதால் நிரம்பியும் பின்னையதில் வறிதாயும் இருப்பது தற்செயலன்று.

இதிலும் கொடிய ஓர் ஆபத்து உண்டு. மாதிரி எடுக்கப்படாமல் விடப்படுவதைக் காட்டிலும், எடுக்கப்பட்டு வழியிற் கெட்டுப்போய், பின்னர் அளக்கப்படுவது தீங்கானது. கெட்ட மாதிரி பேசாமலிருப்பதில்லை, பொய் பேசும். நகரத்து மருத்துவமனையில் அறுவையின்போது எடுத்து உடனே உறையவைத்த உடனீரையும், தொலைவிலிருந்து வந்த உடனீரையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோமாயின், தொலைவிலிருந்து வந்தது குறைவாகவே இருக்கும். ‘இம்மக்கள் கீரை உண்பதில்லை, பழம் உண்பதில்லை, உணவறிவு இல்லாதவர்’ என்று முடிவுகூறுவது அப்போது எத்துணை எளிது! சாலையின் குறை தொழிலாளியின் குறையாக ஏட்டில் ஏறிவிடும். லயத்தின் பின்னால் முருங்கையும் வல்லாரையும் வளர்த்து, தேசிக்காயும் கொய்யாவும் உண்டு வாழ்ந்த குடும்பமும் இதனால் தப்பாது. ஒரு புள்ளிவிவரத்தைக் கையிலெடுக்கும் மாணவன் அது எத்தனை பேரிடம் எடுக்கப்பட்டது என வினவுகிறான்; எத்தனை மணி நேரம், எத்தனை பாகையில் அது காத்திருந்தது என வினவுவதில்லை.

முறையாகச் செய்யின் எவ்வாறு அமையும் என்பதற்கு அண்டைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. வடஇந்தியாவிலும், தெற்கே புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்தும், அறுபது வயதுக்கு மேற்பட்ட கிராமத்து மக்களிடையே கட்புரை பற்றிய பேராய்வொன்று நடத்தப்பட்டு 2011இல் முடிவுகள் வெளியாயின. அங்கு எடுக்கப்பட்டது கண்ணின் நீரன்று, குருதியே. எனினும் இடர் ஒன்றே. குருதித் திரவவிழையத்தை அமிலத்தால் நிலைப்படுத்தி வைத்தே அளந்தனர். லீற்றருக்கு 11 மைக்குரோமூலுக்குக் கீழ்ப்பட்டோரைக் குறைபாடுடையோராகக் கொண்டபோது வடக்கில் நூற்றுக்கு 73.9 பேரும் தெற்கில் 45.7 பேரும் அவ்வாறிருந்தனர். விற்றமின் சி மிக்கிருந்தோரிடையே கட்புரை குறைந்திருந்ததும் தெரியவந்தது. இவ்வெண்களை நாம் நம்புவது, மாதிரியின் பயணம் அமிலத்தாற் காக்கப்பட்டமையாலேயே. தமிழ்நாட்டுக் கரையில் முதியோர் இருவருள் ஒருவருக்கு அண்மித்த அளவில் இக்குறை இருக்குமாயின், அக்கரையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் சப்பிரகமுவ லயங்களில் எந்நிலையில் இருந்தனர் என்ற வினா தானே எழுகின்றது.

அவ்வினாவுக்கு உரியோருட் பலர் இன்று அங்கில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் ஒருபுறம். 1977இலும், 1981இல் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளிலும், 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களால் வடக்கே சென்று குடியேறியோர் மறுபுறம். ஒரே மனிதரை ஐந்தாண்டு கழித்து மறுபடியும் பரிசோதிப்பது ஊட்ட ஆய்வின் அடிப்படை. இடம்விட்டு இடம் துரத்தப்பட்ட மக்களிடையே அதற்கு இடமேது?

குளிர் தோட்டங்களுக்கு வந்ததே இல்லையோ எனின், வந்தது. 1978இல் இலங்கையில் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தோடு, 2 முதல் 8 பாகை வரை பேணும் குளிர்ச்சங்கிலியும் குளிர்ப்பெட்டிகளும் கிராமங்களை நோக்கி நகர்ந்தன. காலப்போக்கில் தோட்டத்துக் குழந்தைகளும் அதன் பயனைப் பெற்றனர். ஆனால் அச்சங்கிலி ஒருவழிப்பாதையானது; கொழும்பிலிருந்து மருந்தை உள்ளே கொண்டுவர அமைந்ததேயன்றி, தோட்டத்திலிருந்து மாதிரியை வெளியே கொண்டுசெல்ல அமைந்ததன்று.

இன்று தொலைவு சுருங்கியிருக்கின்றது. சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியிலேயே இயங்குகின்றது. அந்நகரத்து வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலையாக உயர்ந்துள்ளது. பலாங்கொடையிலிருந்து அதற்கு நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரமே. கட்புரை அறுவைக்கு வரும் தோட்டத்து முதியவரின் கண்ணிலிருந்து, எவ்வாறாயினும் வெளியேறப்போகும் நீர்மயவுடனீரின் சில துளிகளை, அவர் இசைவு பெற்று எடுத்து, மேசையருகிலேயே அமிலமிட்டு, நிமிடங்களில் உறையவைக்கக்கூடிய நிலை இப்போது உண்டு. எடுத்த நேரத்தையும் உறையவைத்த நேரத்தையும் குழாயின்மேல் எழுதிவைத்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனை நோக்கும் வரலாற்று மாணவருக்கு அவ்விரு வரிகளே போதும்.